கல்லடியில் ஒரு கோப்பிக் கடை: கோப்பைக்கு என்ன விலை போடுவது?

மட்டக்களப்பு கல்லடியில் கடை திறந்தபோது நான் விலை போட்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கொழும்பில் ஒரு கபேயின் மெனுவைப் போனில் படம் பிடித்து வந்தேன். ஒவ்வொரு விலையிலும் நூறு ரூபா குறைத்தேன். மட்டக்களப்புக்கு இது சரியாக இருக்கும் என்று பலகையில் எழுதி வாசலில் வைத்துவிட்டேன். மூன்று மாதம் கடையில் நல்ல சனம். அந்த மூன்று மாதமும் வாடகையை வீட்டுக் காசில்தான் கட்டினேன்.

விலையை எடுத்து வந்தேனே தவிர, அந்த விலைக்குப் பின்னால் இருந்த கணக்கை எடுத்து வரவில்லை. அந்தக் கடையின் வாடகை வேறு, கூட்டம் வேறு, அங்கே ஒருவர் நாற்காலியில் உட்காரும் நேரமும் வேறு. ஆகவே இந்த வழிகாட்டியில் விலைப்பட்டியல் எதுவும் தரப்போவதில்லை. கணக்குப் போடும் முறையைத்தான் சொல்கிறேன். மட்டக்களப்போ, கல்முனையோ, அக்கரைப்பற்றோ, பதினாறு நாற்காலியும் இரண்டு வேலையாட்களும் உள்ள ஒரு சின்னக் கடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் ரூபாக் கணக்கெல்லாம் உதாரணத்துக்கு. அந்த இடங்களில் உங்கள் பில்லில் உள்ள தொகையைப் போட்டுப் பாருங்கள்.

படி 1: ஒரு கொப்பியும் ஒரு தராசும்

கோப்பிக் கடைக்கு முதலில் வேண்டியது ஒரு கொப்பி. அப்புறம் 0.1 கிராம் வரை காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு. "ஒரு கரண்டி", "கொஞ்சம் பால்" என்பதெல்லாம் வீட்டுக்குச் சரி. கடையில் ஒவ்வொரு பானத்துக்கும் கிராமிலும் மில்லிலீற்றரிலும் அளவு எழுதியிருக்க வேண்டும். வேலைக்கு நிற்கும் தம்பி போட்டாலும் நீங்கள் போட்டாலும் அதே அளவுதான்.

ஒரு லாட்டேயை, அதாவது எஸ்பிரெசோவில் நுரைத்த பால் ஊற்றும் கோப்பியை, எடுப்போம். எஸ்பிரெசோ என்பது மெஷினில் இறக்கும் கடும் கோப்பிச் சாறு; இரட்டை எஸ்பிரெசோவுக்கு 18 கிராம் தூள். ஒரு கிலோ கொட்டையில் 55 கோப்பை வரும் என்று கணக்குச் சொல்லும். நடப்பில் வராது. காலையில் கொட்டை அரைக்கும் கிரைண்டரைச் சரிசெய்ய இரண்டு ஷொட் (ஒரு தடவை இறக்கும் சாறு ஒரு ஷொட்) கீழே ஊற்றுகிறோம். ஒரு நாளைக்குப் பத்து லாட்டே மட்டும் விற்கும் கடையில் அந்த இரண்டே ஷொட் விற்றதில் ஐந்தில் ஒரு பங்கு அளவு சேதம். நூறு லாட்டே விற்கும் கடைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சின்னக் கடையின் கோப்பை பெரிய கடையின் கோப்பையைவிடச் செலவு கூடியதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். என் கடையில் ஒரு கிலோவுக்கு 46 கோப்பைதான் வந்தது. கொட்டை கிலோ 6,000 ரூபா என்றால் ஒரு கோப்பைக்கு 130.

பால் லீற்றர் 400 என்று வைப்போம். கோப்பைக்குள் போவது 180 மில்லி. ஆனால் நுரை அடிக்கும் ஜக்கில் ஊற்றுவது 200, மிஞ்சியது கழுவுதொட்டிக்குப் போகிறது. ஆகவே 80 ரூபா. சீனி 3 ரூபா. கடதாசித் துடைப்பான், கழுவும் சோப், தண்ணீர் எல்லாம் சேர்த்து 7. மொத்தம் 220 ரூபா. வெளியே கொண்டுபோவதானால் பேப்பர் கப், மூடி, கலக்கும் குச்சிக்கு இன்னும் 40, அப்போது 260.

இதே மாதிரி மற்றவற்றையும் போட்டேன். இஞ்சி பிளேன்டீ 15 ரூபா. பால்மாவில் போடும் பால் தேத்தண்ணிக்கு 20 கிராம் மா போகும். 400 கிராம் பைக்கற் 1,100 ரூபா என்றால் பாலுக்கு மட்டும் 55, தேயிலை, சீனி, காஸ் எல்லாம் சேர 68. மொத்தமாகக் காய்ச்சி வைக்கும் ஐஸ் கோப்பி 130.

பசும்பால் பற்றி ஒரு வார்த்தை. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கமிருந்து வரும் பால் பைக்கற் பாலைவிட மலிவு, சுவையும் நல்லது. ஆனால் தண்ணீர் கலந்திருந்தால் நுரை நிற்காது. ஒரு பால்மானி வாங்கி வைத்து, வரும் பாலைத் தினமும் பாருங்கள். வெள்ளம் வந்து பாதை மூடினால் அந்தப் பால் வராது. ஆகவே கணக்கைப் பைக்கற் பால் விலையிலேயே போடுவது என் பழக்கம். மலிவாகக் கிடைத்த நாள் அது மேலதிகம்.

வற் எனும் பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். நம்மைப் போன்ற சின்னக் கடையின் விற்பனை வற் பதிவு எல்லைக்கு வெகு கீழே இருக்கும். அதனால் நாம் வரி அறவிடுவதில்லை, வாங்கும் பொருளில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. ஆகவே பில்லின் அடியில் உள்ள முழுத் தொகையைத்தான் செலவாக எடுக்க வேண்டும்.

படி 2: கதவைத் திறந்தாலே போகும் காசு

ஒரு கோப்பை விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் போகும் காசை எழுதுங்கள்:

வாடகை 45,000
இரண்டு பேர் சம்பளம் 80,000
சேமலாப நிதி (EPF), நம்பிக்கை நிதியம் (ETF) 12,000
கரண்ட், தண்ணீர் 28,000
இன்டர்நெற், துப்புரவு, சில்லறைத் திருத்தம் 15,000
கோப்பி மெஷின் தேய்மானம் 15,000
உங்கள் சம்பளம் 75,000

மொத்தம் 270,000 ரூபா. மாதம் 26 நாள் திறந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 10,400.

இதில் மூன்று செலவைப் பலர் எழுதுவதே இல்லை. முதலாவது, ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்டும் 12 வீதமும் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும். வேலையாளின் சம்பளத்தில் கழிக்கும் 8 வீதம் இதற்கு வெளியே. "சின்னக் கடைதானே" என்று விட்டுவிடாதீர்கள், பின்னால் மொத்தமாக வரும். 2026 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா என்பதையும் மனதில் வையுங்கள். இரண்டாவது, மெஷினும் கிரைண்டரும். ஒன்பது இலட்சத்துக்கு வாங்கி ஐந்து வருடம் பாவித்தால் மாதம் 15,000. அதை ஒதுக்காதவர், மெஷின் நிற்கும் நாளில் கடன் தேடி அலைவார்.

மூன்றாவது உங்கள் சம்பளம். அதை எடுத்துவிட்டால் நாள் செலவு 7,500க்கு இறங்கிவிடும், கடை ஓடுகிறது என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டும் ஆளுக்குச் சம்பளம் இல்லையென்றால், அந்தக் கடையைத் தாங்குவது உங்கள் குடும்பம்தான்.

படி 3: வீதத்தை விடுங்கள், மிச்சத்தைப் பாருங்கள்

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். "பொருள் செலவு விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும்" என்றொரு விதி கபே நடத்துபவர்களிடையே சுற்றுகிறது. அதன்படி செலவை மூன்றால் பெருக்கி விலை போடச் சொல்வார்கள். நம் நான்கு பானத்திலும் அதை வைத்துப் பார்ப்போம்.

பிளேன்டீ: விலை 80, செலவு 15, மிச்சம் 65. செலவு 19 வீதம்.
பால் தேத்தண்ணி: விலை 150, செலவு 68, மிச்சம் 82. செலவு 45 வீதம்.
ஐஸ் கோப்பி: விலை 400, செலவு 130, மிச்சம் 270. செலவு 33 வீதம்.
லாட்டே: விலை 550, செலவு 220, மிச்சம் 330. செலவு 40 வீதம்.

வீதத்தைப் பார்த்தால் பிளேன்டீதான் ராசா, லாட்டே மோசம். ஆனால் வாடகையை வீதத்தில் கட்ட முடியாது. கடைக்கு வாடகை வாங்குபவர் கேட்பது ரூபா. ஒரு லாட்டே விற்றால் கையில் நிற்பது 330, அதே காசுக்கு ஐந்து பிளேன்டீ விற்க வேண்டும். மூன்றால் பெருக்கும் விதியைப் பின்பற்றியிருந்தால் லாட்டே 660க்குப் போய் யாரும் குடித்திருக்கமாட்டார்கள். பிளேன்டீ 45க்கு இறங்கி நான் நாள் முழுக்க கிளாஸ் கழுவிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆகவே கொப்பியில் ஒவ்வொரு பானத்துக்கும் எதிரே மிச்சத்தை எழுதுங்கள். விலை பற்றிய எல்லா முடிவும் அந்த எண்ணில் இருந்துதான்.

படி 4: நாளைக்கு எத்தனை கோப்பை?

இரண்டு வாரம் என்ன விற்கிறது என்று எண்ணுங்கள். பில் மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கோடு போட்டு எண்ணலாம். நூறு கோப்பையில் 40 பிளேன்டீ, 25 பால் தேத்தண்ணி, 20 ஐஸ் கோப்பி, லாட்டேயும் அதைப் போன்ற கப்புசினோவும் சேர்த்து 15 என்று வந்தால் மொத்த மிச்சம் 15,000 ரூபா. சராசரியாக ஒரு கோப்பைக்கு 150. நாள் செலவு 10,400. வகுத்தால் 70 கோப்பை.

அதாவது எழுபதாவது கோப்பை வரை நீங்கள் விற்பது கடைக்காகவும் உங்கள் சம்பளத்துக்காகவும். அதற்கு மேல்தான் இலாபம். உங்கள் சம்பளத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 50 கோப்பை போதும் என்று வந்திருக்கும். அந்த இருபது கோப்பையில்தான் உங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

இப்போது விலையைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். லாட்டேயில் 50 ரூபா கூட்டினால் 70 என்பது 66 ஆகிறது. தேத்தண்ணி இரண்டிலும் 20 ரூபா மட்டும் கூட்டினால் 64 ஆகிறது. கூட்டியது குறைவு, பலன் கூட. விற்பனையில் பாதிக்கு மேல் தேத்தண்ணி என்பதுதான் காரணம். இதைக் கண்டுபிடித்த அன்று இரவே தேத்தண்ணி விலையை மாற்ற எழும்பினேன். நல்லவேளை, பலகையைத் தொடவில்லை. ஏன் என்று அடுத்ததில் சொல்கிறேன்.

படி 5: ஊருக்கே தெரிந்த விலை

1869இல் இலைத்துரு நோய் வந்து இந்தத் தீவின் கோப்பித் தோட்டங்களைத் தின்று தீர்த்தது, பிறகு மலையெல்லாம் தேயிலை ஆனது. அதன் பலனை இன்றைக்கும் விலைப்பலகையில் பார்க்கலாம். நம் ஆட்களுக்கு ஒரு கோப்பையின் விலை என்றால் தேத்தண்ணியின் விலைதான். பஸ் நிலையத்தில் பிளேன்டீ என்ன விலை, ஆஸ்பத்திரி முன்னால் என்ன விலை என்று ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அதில் பத்து ரூபா கூடினால் "இவன் கொள்ளையடிக்கிறான்" என்று ஊருக்குள் பேச்சு வந்துவிடும். லாட்டே 550ஆ 600ஆ என்பது அநேகருக்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் கடை இல்லை.

ஆகவே எல்லோருக்கும் தெரிந்த பொருளில் விலையை இறுக்கிப் பிடியுங்கள், தெரியாத பொருளில் கொஞ்சம் தளர்வாக இருங்கள். பிளேன்டீ விலை வெளியில் உள்ள கடையைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம், கதிரை, காற்றாடி, சுத்தமான கழிப்பறை எல்லாம் உண்டுதானே. இரண்டு மடங்கு இருக்கக் கூடாது. கூட்டவேண்டும் என்றால் பொருளை மாற்றிக் கூட்டுங்கள். சாதாரண பிளேன்டீயைத் தொடாமல், ஏலக்காயும் கருவாவும் போட்டு, பெரிய கிளாஸில், ஒரு துண்டு சக்கரையோடு 130 ரூபாவுக்கு இன்னொன்று வையுங்கள். மல்லியும் சுக்கும் போட்ட நம் பழைய கோப்பியையும் அப்படி வைக்கலாம். அதற்கு மெஷின் வேண்டாம், செலவு குறைவு, வெளிநாட்டில் இருந்து வரும் உறவுக்காரர்கள் அதைத்தான் தேடிக் கேட்கிறார்கள்.

போத்தல் தண்ணீரில் இந்த விளையாட்டெல்லாம் இல்லை. போத்தலில் அச்சடித்த விலைக்கு மேல் விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை வழக்குப் போடும். விலைப்பட்டியலை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி தொங்கவிடுவதும் சட்டம்தான்.

பலகையில் பெரிய விலைகள் 50இலோ 100இலோ முடிந்தால் நல்லது. 545 என்று போட்டால் மிச்சக் காசுக்குச் சில்லறை தேடியே மாலை போய்விடும். பெரிய ஹோட்டல்கள் மாதிரி கடைசியில் பத்து வீதம் சேவைக் கட்டணம் சேர்ப்பது இங்கே எடுபடாது. பலகையில் உள்ளதுதான் கட்டவேண்டிய காசு என்று இருக்கட்டும்.

படி 6: நாற்காலியும் ஒரு பொருள்தான்

கல்லடியில் அழகியற் கற்கைகள் நிறுவகம் இருப்பதால் மாலையில் மாணவர்கள் வருவார்கள். ஒரு லாட்டே, ஒரு மடிக்கணினி, இரண்டு மணி நேரம். நான் குறை சொல்லவில்லை, படிக்கிற காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் கணக்கு இப்படி: அந்த நாற்காலி மணிக்கு 165 ரூபா தருகிறது. பக்கத்தில் ஐஸ் கோப்பி குடித்து அரை மணியில் எழும்பும் நாற்காலி மணிக்கு 540. கால் மணியில் பிளேன்டீ குடித்துப் போகிறவரின் நாற்காலிகூட 260.

இதைப் படித்துவிட்டு மாணவர்களைத் துரத்தாதீர்கள். நாற்காலிக் கணக்கு, எல்லா நாற்காலியும் நிறைந்து வாசலில் ஆள் திரும்பிப் போகும்போது மட்டும்தான் உண்மை. காலை பத்து மணிக்குக் கடை காலியாக இருக்கும்போது இரண்டு மணி நேரம் இருக்கிறவரால் ஒரு நட்டமும் இல்லை. ஆள் இருக்கும் கடைக்குத்தான் ஆள் வரும். பின்னேரம் நான்கரையிலிருந்து ஏழு வரைதான் பிரச்சினை. அந்த நேரத்துக்கு நான் செய்தது: மடிக்கணினிக்கு நீள மேசை ஒன்று சுவரோரம், பிளக் அங்கே மட்டும். மற்ற மேசைகளில் தானாக ஆள் மாறத் தொடங்கியது.

மெஷினும் அப்படித்தான். கோப்பி இறங்கும் தலை ஒன்று மட்டும் உள்ள மெஷினில் பால் கோப்பி ஒன்று போட மூன்று நிமிடம் என்று வையுங்கள், மணிக்கு இருபது. நெரிசலில் ஒரு குடும்பம் ஆறு கப்புசினோ கேட்டால் பின்னால் நிற்கிறவர்கள் போய்விடுவார்கள். ஐஸ் கோப்பியோ காலையிலேயே காய்ச்சிக் குளிரூட்டியில் நிற்கிறது, ஊற்ற இருபது விநாடி. மட்டக்களப்பு வெயிலுக்கு அதுதான் கேட்பார்கள். நெரிசல் நேரத்தில் மெஷினைப் பிடிக்காத பானத்தைப் பலகையின் மேல் வரியில் எழுதுங்கள்.

படி 7: மழையும் நோன்பும் கணக்கில் வரட்டும்

எழுபது கோப்பை என்பது எல்லா மாதமும் ஒன்றுபோல் என்ற நினைப்பில் போட்ட கணக்கு. இங்கே அப்படி இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரி மழை, வாவி நிரம்பி வழியும், மாலையில் யார் வெளிக்கிடுவார்? அந்த மூன்று மாதம் நாளைக்கு 45 கோப்பைதான் போகும் என்றால், குறையும் 25 கோப்பை மூன்று மாதத்தில் 292,500 ரூபாப் பள்ளம். மற்ற ஒன்பது மாதத்தில் அதை நிரப்ப நாளைக்கு 1,250 ரூபா கூடத் தேவை, எட்டு ஒன்பது கோப்பை. ஆகவே நல்ல மாதத்தின் இலக்கு 70 அல்ல, 79.

பாசிக்குடாவுக்கும் அறுகம்பேக்கும் வறண்ட மாதங்கள்தான் சீசன். அங்கே கடை வைப்பவர் இந்தக் கணக்கை இன்னும் கடுமையாகப் போட வேண்டும், ஆறு மாதத்தில் பன்னிரண்டு மாத வாடகை. காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் நோன்பு மாதத்தில் பகல் வியாபாரம் நின்று இரவு வியாபாரம் கூடும். வேலையாட்களின் நேரத்தை மாற்றினால் போதும், விலையைத் தொடவேண்டாம். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலில் சனம் கூடும்போது விலை கூட்டினால் அதை அடுத்த ஆடி வரை பேசுவார்கள்.

படி 8: கார்ட், செயலி, கொண்டுபோகிற கோப்பை

கார்ட் மெஷினுக்கு வங்கி 2.5 வீதம் எடுத்தால் ஒரு லாட்டேயில் 14 ரூபா. அதை விலைக்குள் அடக்கிவிடுங்கள், கார்டுக்கு வேறு விலை சொன்னால் வாக்குவாதம்தான் மிச்சம்.

வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலிகள் வேறு கதை. கமிஷன் 25 வீதம் என்றால் 550இல் உங்களுக்கு வருவது 412, கப் செலவோடு 260 போனால் மிச்சம் 152. கடையில் கிடைக்கும் 330 இங்கேயும் வேண்டும் என்றால் விலை 790 போட வேண்டும். அந்த விலைக்கு வீடு போய்ச் சேரும்போது ஆறிப்போயிருக்கும் லாட்டேயை யார் வாங்குவார்? செயலியில் போத்தலில் அடைத்த ஐஸ் கோப்பி, ரோல்ஸ், கேக் மட்டும் போடுங்கள்.

படி 9: தள்ளுபடிக்கு முன் ஒரு வகுத்தல்

"இருபது வீதம் கழிவு" என்று பலகை போடுவது லேசு. 550 லாட்டே 440 ஆகும், மிச்சம் 330இலிருந்து 220க்கு இறங்கும். 15 கோப்பையில் கிடைத்த காசைப் பார்க்க 23 கோப்பை விற்க வேண்டும். எட்டுப் பேர் புதிதாக வருவார்களா? என் கடையில் வரவில்லை. வழக்கமாக வருகிறவர்கள்தான் மலிவாகக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் விலை கூட்டும் பயம் போகும். லாட்டே 600 ஆனால் மிச்சம் 380. பதினைந்து பேரில் இரண்டு பேர் வராமல் போனாலும் பெட்டியில் விழுவது கிட்டத்தட்ட அதே காசு. கழிவு கொடுக்கவேண்டும் என்றால் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, காலி நாற்காலிக்குக் கொடுங்கள். தேத்தண்ணியோடு ஒரு வடையோ ரோல்ஸோ சேர்த்து விற்பது கழிவைவிட நல்லது. பேக்கரியில் 80க்கு எடுத்து 120க்கு விற்றால் 65 ரூபா மிச்சம் 105 ஆகிவிடும்.

படி 10: விலையை மாற்றும் நாள்

2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்கு ஏறியதை யாரும் மறந்திருக்கமாட்டோம். பால்மா, காஸ், எல்லாம். அப்போது வாரத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினோம், சனமும் ஏற்றுக்கொண்டது. ஆபத்து அந்த மாதிரிக் காலத்தில் இல்லை. மெல்ல ஏறும் காலத்தில்தான். எனக்குப் பால் தரும் ஆள் ஒரு ஓகஸ்ட் மாதம் லீற்றரில் 40 ரூபா கூட்டினார். பில்லைப் பார்க்காமல் ஆணியில் குத்தி வைத்தேன். டிசம்பரில் கண்டபோது நாளைக்கு நான்கு லீற்றர் வீதம் பதினாறாயிரம் ரூபாவுக்கு மேல் போயிருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை படி ஒன்றைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு பானத்தின் செலவு 20 ரூபாவுக்கு மேல் ஏறியிருந்தால் விலையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். எல்லா விலையையும் ஒரே நாளில் கூட்டவேண்டாம். இந்தத் தடவை பால் கோப்பி, அடுத்த தடவை தேத்தண்ணி. அளவைக் குறைத்து விலையை நிறுத்துவது எனக்குப் பிடிக்காது. தினமும் வருகிறவர் கிளாஸைத் தூக்கும்போதே கண்டுபிடித்துவிடுவார்.

கூட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே கல்லாவில் ஒரு சின்னக் கடதாசி ஒட்டுங்கள். வேலைக்கு நிற்கிற தம்பிக்குக் காரணத்தைச் சொல்லி வையுங்கள், கேள்வி முதலில் அவரிடம்தான் வரும். காலை ஆறரைக்கு வரும் ஒரு ஐயா என்னிடம், "தம்பி, கூட்டு, பரவாயில்ல. ஆனா இஞ்சியக் குறைச்சிராத" என்றார். அவருடைய பிளேன்டீ இப்போது 90. இஞ்சி நான்கு கிராம், தராசில் நிறுத்துத்தான் போடுகிறோம்.